ஆட்சேபம் எண் நாற்பத்தொன்று

மஞ்சள் என்றால் வீடு.
சிவப்பு, கடை. ஊதா, தொழிற்சாலை.
வெளிர்பச்சை செம்பனை,
கரும்பச்சை அலையாத்திக் காடு.
மாவட்ட மன்றத்து மாடியில்
பதினோரு வருஷமாய் நான்
நிலத்துக்கு நிறம் போடுகிறவள்.
இந்த முறை
இரண்டாயிரத்து நாற்பது வரைக்கும்.

பாகான் தெராத்தாய்க்கு மூன்று தெரு,
இரண்டு வங்கி, அதில் ஒன்று மூடியது.
தெரு முடிந்தால் தோட்டம்,
தோட்டம் முடிந்தால் கம்பம்,
கம்பம் முடிந்தால் சேறு, படகு, கடல்.
எல்லாம் சேர்ந்து என் மேசையில்
ஒன்றரை முழம்.

வரைவுத் திட்டம் மண்டபத்தில்
ஒரு மாதம் தொங்கியது.
குளிர்சாதனத்துக்கு வந்தவர்களே அதிகம்.
பாரம் அறுபது அச்சடித்தோம்,
நாற்பத்தொன்று திரும்பியது.

படகுத்துறை பூன் ஹுவாட் எழுதியிருந்தார்:
நீங்கள் போட்ட நீலக் கோட்டைத் தாண்டிக்
கடல் என் கொட்டகைக்குள் வந்து
நாலு வருஷம் ஆகிறது.
கோட்டை உள்ளே தள்ளுங்கள்
அல்லது கடலிடம் பேசுங்கள்.

மதகுக்காரர் ரம்லான்:
வற்றத்தில் திற என்கிறது வடிகால் இலாகா.
திறக்காதே என்கிறார் இறால் குளத்துக்காரர்.
ஏன் இன்னும் திறக்கவில்லை என்று
தோட்டத்து மேனேஜர் போன் அடிக்கிறார்.
என்னிடம் சாவி இருக்கிறது.
பூட்டு யாருடையது என்று திட்டத்தில் எழுதவும்.

கடைசிப் பாரம்
சி. பவளராணி, பழைய லயம், ஆறாம் நம்பர்.
முகவரிக் கட்டத்தில் எழுதி, அடித்து,
மறுபடி எழுதியிருந்தாள்.

'மன்றத்தின் கடைசி விளக்கு
சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.
வெளிச்சம் மட்டும் எட்டடி
எங்கள் பக்கம் வருகிறது.
குப்பை லாரி அதுகூட வருவதில்லை.
உங்கள் படத்தில் எங்கள் கூரைமேல்
ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது.
இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை.
நாங்கள் கோட்டுக்குள்ளேயா குடியிருக்கிறோம்?'

விசாரணைக்கு அவள்
கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு வந்தாள்,
இரவு வேலை முடிந்த கண்கள்.
தோட்டத்துத் தரப்பு சொன்னது:
தனியார் நிலம். இருபத்தேழு வீடும் தற்காலிகம்.
'தற்காலிகம்னா எத்தன வருஷம்?'
புவான் ரொஸ்னாணி அதைக் குறித்துக்கொண்டார்.
மின்விசிறி சுற்றியது.
அடுத்து எண் ஏழு, பன்றிப் பண்ணை நாற்றம்.

நான் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன்.
படத்தில் ஒரு மில்லிமீட்டர்
மண்ணில் இருபத்தைந்து மீட்டர்.
என் கோட்டின் தடிமன் சரியாக ஒரு மில்லிமீட்டர்.
லயம், கோழிக்கூடு, துணிக்கொடி,
முருகன் கோயில் உண்டியல் வரை
எல்லாம் அதற்குள் அடங்கும்.
அவள் கேட்டது கேலியில்லை,
கணக்கு.

மறுநாள் விடியுமுன் போனேன்.
எட்டடி வெளிச்சத்துக்குள்
ஒன்பது பிள்ளைகள் நெருக்கியடித்து
பள்ளி பஸ்ஸுக்கு நின்றார்கள்.
ஒருவன் காலை இருட்டில் நீட்டி
இழுத்து விளையாடினான்.
ஏற்றம் போல. வாய்க்கால் தண்ணீர்
கடலிலிருந்து தோட்டத்துக்குள்
பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தது,
யாரிடமும் பாரம் வாங்காமல்.

நிறம் மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
எல்லையை நகர்த்த
நில அலுவலகம், மாநிலம், அதற்கும் மேலே.
கோட்டின் தடிமன் பற்றி
எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.
ஐந்தில் ஒன்றாக மெலிதாக்கினேன்.
அடியிலிருந்து வெளியே வந்தன
சாம்பல் நிறத்தில் இருபத்தேழு புள்ளி.

'இது என்ன, அச்சுப் பிழையா?'
என்றார் புவான்.
'கூரை' என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டிக்கொண்டு
பக்கத்தைத் திருப்பினார்.

குப்பை லாரி இன்னும்
பாலத்தோடு திரும்புகிறது.
படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது,
புள்ளிகளோடு.